பட்டன் இருக்கு, ஆனா டயருக்கு வயசாயிருச்சு: லாரி டயரை மாத்தணுமா, ஓட்டலாமா?

ஆறுசக்கரம்:

எல்லாருக்கும் வணக்கம். 6 டயர் லாரி, சைஸ் 10.00 ஆர் 20, 16 பிளை (டயரோட வலு அளவு), டியூப் போட்ட ரேடியல். ரிம், டயரைப் பிடிச்சு நிறுத்துற கழட்டக்கூடிய இரும்பு வளையம் (லாக் ரிங்) உள்ள பழைய மாடல். முன்னாடி ரெண்டும் ரிப் (நீளவாக்குல பள்ளம்), பின்னாடி நாலும் லக் (குறுக்குவாக்குல கட்டை).

பட்டன், அதாவது ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டை, எவ்வளவு மிச்சம்னு ஆழக் கருவி வச்சு அளந்தது இது. முன் டயர் ரெண்டும் நடுவில 6 மி.மீ., வலது முன் டயர்ல மட்டும் வெளி ஓரம் 4 மி.மீ. பின்னாடி வெளி டயர் 5 மி.மீ., உள் டயர் 9 மி.மீ. ரெண்டு பக்கமும் அப்படித்தான்.

சைடுல இருக்கிற எண்ணோட கடைசி நாலு இலக்கம் முன் டயர்ல 1417, பின் வெளி டயர்ல 3821. உள் டயர்ல நாலு இலக்கம் கண்ணுல படவே இல்ல. ஸ்டெப்னில 1415, ஒரு தடவைகூட ரோட்டுல ஓடாதது, பட்டன் புதுசு மாதிரி இருக்கு. முன் டயர் சைடுல தலைமுடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கு.

என் கேள்வி மூணு. ஒண்ணு, பட்டன் இவ்வளவு இருக்கும்போது வயசைப் பார்த்து முன் டயரை மாத்தணுமா? ரெண்டு, அந்த ஸ்டெப்னியை முன்னாடி போடலாமா? மூணு, உள் டயர் வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

---

பழைய_ரிம்:

தம்பி, மூணாவது கேள்வியில இருந்து வர்றேன்.

டி.ஓ.டி. எழுத்துல ஆரம்பிக்கிற எண் வரிசையோட கடைசி நாலு இலக்கம்தான் தயாரிச்ச தேதி. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1417 னா 2017ஆம் வருஷம் 14ஆவது வாரம், அதாவது ஏப்ரல் ஆரம்பம். 3821 னா 2021 செப்டம்பர். 2000க்கு முன்னாடி வந்த டயர்ல மூணே இலக்கம்தான் இருக்கும். எங்கயாவது மூணு இலக்கத்தைப் பார்த்தா பட்டனை அளக்கவே வேண்டாம், கழட்டி ஓரமா வச்சிருங்க.

முழு எண்ணும் டயரோட ஒரு பக்கத்துல மட்டும் அடிச்சிருக்கலாம். மறுபக்கத்துல தேதி இல்லாத பாதி எண்தான் இருக்கும். ஜோடி டயர்ல தேதி இருக்கிற பக்கம் ரெண்டுக்கும் நடுவில திரும்பி மாட்டியிருந்தா வெளியில இருந்து தெரியாது. வண்டி அடியில போய் உள் டயரோட உள்பக்கத்தை முதல்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. அங்க இல்லன்னா ரெண்டு டயருக்கும் நடுவில இருக்கிற இடைவெளியில செல்போன் கேமராவை விட்டு வீடியோ எடுத்து, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒரு சுத்து முழுக்கப் பாருங்க. சேறு காய்ஞ்சிருந்தா ஈரத்துணியால துடைச்சு, சாக்பீஸை எழுத்து மேல தேய்ச்சா பளிச்சுனு தெரியும். அடியில போறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. வண்டியை நகர்த்தும்போது யாரும் அடியில இருக்கக் கூடாது.

உள் டயர் ரீட்ரெட் (பழைய டயர் மேல புதுப் பட்டன் ஒட்டினது) ஆகியிருந்தா பட்டன் வயசு வேற, கூட்டோட, அதாவது அடியில இருக்கிற டயர் உடம்போட வயசு வேற. ரீட்ரெட் போட்டவங்க தேதியைத் தனியா சைடுல பதிச்சிருப்பாங்க. ரெண்டையும் படிச்சு எழுதி வச்சுக்குங்க. 9 மி.மீ. புதுப் பட்டன் பழைய கூட்டு மேல உட்கார்ந்திருக்க வாய்ப்பு நிறையவே இருக்கு.

இப்ப முதல் கேள்வி. ரப்பர் ஓடினாலும் ஓடாட்டியும் முதுமை அடையும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் உள்ளிருந்தும் வெளியிருந்தும் ரப்பருக்குள்ள ஊடுருவி அதை இறுக வைக்கும். முக்கியமா பட்டனுக்கு அடியில இருக்கிற ஸ்டீல் கம்பிப் பட்டையோட (பெல்ட்) ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற ரப்பர் பிடிப்பை இழக்கும். அது வெளியில தெரியாது. பட்டன் 10 மி.மீ. இருந்தாலும் உள்ள பெல்ட் பிரிய ஆரம்பிச்சிருக்கலாம், ஒருநாள் வேகத்துல பட்டை பட்டையா உரிஞ்சு வரும். வெப்பம், வெயில், காத்துக் குறைவு, ஓவர்லோடு நாலும் சேர்ந்தா இது இன்னும் சீக்கிரம் வரும்.

பல டயர் கம்பெனிகள் சொல்ற கணக்கு இது: பயன்பாட்டுக்கு வந்து 5 வருஷம் ஆனதும் வருஷத்துக்கு ஒருமுறை தெரிஞ்ச ஆளை வச்சுக் கழட்டிப் பார்க்கணும்; தயாரிச்ச தேதியில இருந்து 10 வருஷம் ஆனா, பார்க்க எப்படி இருந்தாலும் எடுத்துரணும், ஸ்டெப்னியும் சேர்த்து. பிரிட்டன்ல 2021 பிப்ரவரி 1ல இருந்து லாரி, பஸ்ஸோட முன் ஆக்சில்ல 10 வருஷத்துக்கு மேலான டயரைச் சட்டமே தடுக்குது, தேதி எண் படிக்கிற மாதிரி இருக்கணும்னும் அதுல இருக்கு. 10ங்கிறது வெளி எல்லை. அதுவரைக்கும் தாங்கும்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

உங்க முன் டயர்ல 8 வருஷத்துக்கு மேலான வயசும் வெடிப்பும் சேர்ந்திருக்கு. வெடிப்புல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. நகம் வழுக்கிட்டுப் போனா மேலோட்டம். நகம் மாட்டினா ஆழக் கருவியோட ஊசியை விடுங்க. 1.5 மி.மீ.யை நெருங்கினா அந்த டயர் கழட்ட வேண்டியது. பீடுக்கு (ரிம்மைக் கவ்வுற டயர் விளிம்பு) மேல ஒரு விரல் தூரத்துல வட்டமா ஓடுற வெடிப்பும், பட்டன் பள்ளத்தோட அடியில ஓடுற வெடிப்பும் சைடு நடுவில இருக்கிறதை விட மோசம். உள்ள இருக்கிற கம்பி தெரிஞ்சா அந்த நிமிஷமே வண்டியை நிறுத்துங்க. என் முடிவு: முன் ரெண்டும் மாத்திருங்க.

ஸ்டெப்னியை முன்னாடி போடவே கூடாது. 1415, முன் டயரை விட ரெண்டு வருஷம் மூத்தது. சேஸிஸ் அடியில தொங்கிக்கிட்டு சைலன்சர் சூட்டையும் ரோட்டுத் தண்ணியையும் வாங்கியிருக்கு. அதுலயும் ஒரு விஷயம்: ஓடுற டயர்ல ரப்பருக்குள்ள கலந்திருக்கிற மெழுகும் பாதுகாப்பு எண்ணெயும் வளைஞ்சு நெளியும்போது மேல வந்து படலமா நிக்கும். ஓடாத டயருக்கு அந்த வேலை நடக்காது, அதான் ஸ்டெப்னி சைடு சீக்கிரம் வெளுத்து வெடிக்குது.

---

லோடு_இண்டெக்ஸ்:

பழைய_ரிம் சொன்ன வயசுக் கணக்கோடு முழுக்க உடன்படுகிறேன். தேய்மானத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். உங்கள் அளவுகளில் இரண்டு கோளாறுகள் பேசுகின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இதே வழியில் போகும்.

வலது முன் டயரின் வெளி ஓரம் மட்டும் 2 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. காற்றுக் குறைவென்றால் இரண்டு ஓரங்களும் சேர்ந்து தேயும், காற்று அதிகமென்றால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் என்றால் சக்கரம் நிற்கும் கோணத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையைப் பட்டன் மீது குறுக்காக வைத்து வெளியிலிருந்து உள்ளே தேய்த்துப் பாருங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. உள்ளே போகும்போது வழவழப்பாகவும் வெளியே வரும்போது ரம்பம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) கூடுதல். நேர்மாறாக இருந்தால் டோ அவுட் (வெளிநோக்கித் திரும்பியிருப்பது). கம்பி நூல் கையில் சிக்கக்கூடும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இடது முன் டயரில் உள் ஓரம் தேய்ந்து, வலதில் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் முன் ஆக்சிலில் குறை தேடிப் பயனில்லை. பின் ஆக்சில் கோணலாக உட்கார்ந்து வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, ஸ்டீயரிங் அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ச்சி, சென்டர் போல்ட் உடைப்பு இரண்டையும் அப்போது பாருங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கியவுடன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு முளை). பட்டனில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சையும் சந்தேகப்படுங்கள். ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால் பிரேக் பூட்டி இழுத்திருக்கிறது.

இரண்டாவது கோளாறுதான் பெரியது: ஜோடியில் 5க்கு 9. ஆழத்தில் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டத்தில் 8 மி.மீ., சுற்றளவில் சுமார் 25 மி.மீ. இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டரில் 300 முறைக்கு மேல் சுழலும். இரண்டும் ஒரே ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பூட்டியிருப்பதால் இந்த வித்தியாசம் ரோட்டில் உரசியே தீர வேண்டும், கிலோமீட்டருக்கு 7, 8 மீட்டர் அளவுக்கு. சின்ன டயர் இழுபட்டு இன்னும் வேகமாகத் தேயும், பெரிய டயர் கூடுதல் பாரத்தைச் சுமந்து சூடாகும். உங்களிடம் பெரியது உள்பக்கம் இருக்கிறது. பிரேக் டிரம் சூடும் அங்கே, காற்றோட்டமும் குறைவு, ரோட்டின் நடுமேடும் பாரத்தை அந்தப் பக்கமே தள்ளும். கட்டாயம் வித்தியாசத்தோடு ஜோடி போட வேண்டியிருந்தால் பெரியது வெளியே, சின்னது உள்ளே.

இந்த அளவு டயருக்கு விட்டத்தில் 12 மி.மீ., சுற்றளவில் 38 மி.மீ. என்பது பொதுவாகச் சொல்லும் மேல் எல்லை. அந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்று விட்டுவிடக் கூடாது, பட்டன் வித்தியாசம் 3 மி.மீ. தாண்டினாலே ஜோடியைக் கலைத்து மாற்றுங்கள். அளக்கும்போது இரண்டிலும் ஒரே காற்று அடித்து, ஓர் இரவு விட்டு, எஃகு டேப்பைப் பட்டனின் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். டயர் புதிதாகக் காற்று வாங்கியதும் கொஞ்சம் வளரும், உடனே அளந்தால் கணக்கு பிசகும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு: சைடு விளிம்பில் முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்தில் 1.6 மி.மீ. உயரத்தில் ரப்பர் மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. ஆனால் முன் டயரை அதுவரை ஓட்டாதீர்கள், மிகத் தேய்ந்த பள்ளத்தில் 4 மி.மீ. வந்தாலே இறக்கிவிடுங்கள். ஈர ரோட்டில் தண்ணீரை வெளியே தள்ள ஆழம் வேண்டும், முன் டயருக்கு ஸ்டீயரிங் பிடிப்பும் அதையே நம்பி இருக்கிறது. அப்படிப் பார்த்தாலும் உங்கள் வலது முன் டயர் எல்லைக்கு வந்துவிட்டது. நடுவில் அளந்த 6ஐ எடுத்துக்கொள்ளக் கூடாது, குறைந்தபட்ச அளவுதான் கணக்கு.

வாங்கும்போது அளவை மட்டும் பார்க்காமல் பார எண்ணையும் படியுங்கள். 146/143 கே என்றிருந்தால் தனியாக மாட்டினால் 3000 கிலோ, ஜோடியில் ஒவ்வொன்றும் 2725 கிலோ, வேகம் மணிக்கு 110 கி.மீ. ஆக்சிலை லோடோடு எடை போட்டு, அந்த எடையை டயர் எண்ணிக்கையால் வகுத்து இதோடு ஒப்பிடுங்கள். நைலானையும் (நைலான் நூல் கூட்டுள்ள பழைய வகை) ரேடியலையும் ஒரே ஆக்சிலில் கலக்க வேண்டாம்.

---

கட்டைவை:

இறக்குற முன் டயர் ரெண்டையும் பின்னாடி வெளிப்பக்கம் போட்டு மீதிப் பட்டனைத் தேய்க்கலாமே? 6 மி.மீ. இருக்கு, ஜோடியில ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். வெடிப்பு மேலோட்டமா இருந்தா நிறையப் பேர் செய்றதுதான்.

---

பழைய_ரிம்:

வேண்டாம்பா. ஜோடியில ஒண்ணு வெடிச்சா அடுத்த நொடி ரெண்டு டயர் பாரமும் மிச்சமிருக்கிற ஒண்ணு மேல விழும். 2725 கிலோவுக்குப் போட்ட டயர் 5000 கிலோவுக்கு மேல சுமக்கும். அதை ஓட்டுனர் உடனே உணரவும் மாட்டார், நல்ல டயரும் சேர்ந்து கெடும். அதோட முன்னாடி ஓடுனது ரிப், பக்கத்துல இருக்கிறது லக். விட்டமும் வேற, பிடிப்பும் வேற. ஜோடிக்கு ஒரே அளவு, ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே ஆழம். வெடிப்பு மேலோட்டம்தான்னா கழட்டி உள்பக்கம் பார்த்துட்டு, லோடு கம்மியான குறுகிய ஓட்டத்துக்கு ஸ்டெப்னியா கொஞ்ச நாள் வச்சுக்கலாம். அதுக்கு மேல அதுக்கு வேலை இல்ல.

---

கட்டைவை:

சரிதான், ரிப் லக் விஷயத்தை யோசிக்கல. வாபஸ் வாங்கிக்கிறேன்.

---

ஆறுசக்கரம்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கேமரா விட்டுப் பார்த்தேன், உள் டயர் ரெண்டும் ரீட்ரெட், கூட்டு 0916. ஆக முன் ரெண்டு, உள் ரெண்டு, ஸ்டெப்னி ஒண்ணு, மொத்தம் அஞ்சு புதுசு. பின்னாடி வெளி 5 மி.மீ.ல இருக்கிற 2021 டயருக்குப் புது லக்கோட ஜோடி சேராதே, அதை என்ன பண்றது? இன்னொண்ணு, இடத்துலேயே கம்ப்ரஸர் இருக்கு, நாங்களே மாத்தலாம்னு இருக்கோம். லாக் ரிங் ரிம் என்பதால எதைக் கவனிக்கணும்?

---

லோடு_இண்டெக்ஸ்:

5 மி.மீ. டயர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் ஜோடியாக்கி, மறுபக்கத்தில் புது ஜோடி போட்டால் ஆக்சிலின் இரு பக்கமும் வேறு விட்டமாகும். டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரமும் வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரம்) நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்யும். புது லக்கில் 18 மி.மீ. இருந்தால் விட்ட வித்தியாசம் 26 மி.மீ. ஆகவே அதுவும் சரியில்லை. பின்னால் நாலையும் புதிதாகப் போட்டு, 2021 டயரில் நல்லதை ஸ்டெப்னிக்கும் மற்றதை மாற்றுக்கும் வையுங்கள். ஸ்டெப்னிக்குத் தனியாகப் புதிது வாங்க வேண்டியதில்லை, கணக்கு ஆறு புது டயர். இல்லையென்றால் 6, 7 மி.மீ. ஆழத்தில் நல்ல கூட்டுள்ள, தேதி பார்த்த ரீட்ரெட் இரண்டை உள்ளே போட்டு நாலையும் ஒன்றாகத் தேய்க்கலாம். அது மலிவான வழி, தவறான வழி அல்ல. முன்பக்கத்துக்கு மட்டும் ரீட்ரெட் வேண்டாம்.

---

கட்டைவை:

லாக் ரிங் பத்தி நான் சொல்றேன். இதுல ஆள் சாகிறது டயரால இல்ல, உள்ள அடைச்ச காத்தால. அதனால காத்து அடைக்கிறதுக்கு இரும்புக் கூண்டு இல்லன்னா இந்த வேலையை இடத்துல செய்யாதீங்க, ரிம்மைக் கழட்டிக் கூண்டு இருக்கிற பட்டறைக்குக் கொண்டு போங்க.

சமதளத்துல நிறுத்தி, மத்த ஆக்சில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. நட்டை அரைச் சுத்து இளக்கிட்டு ஜாக்கி ஏத்துங்க. ரிம்ல விரிசலோ, டயர்ல வீக்கமோ, ரிங் கோணலோ தெரிஞ்சா நட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே காத்தை இறக்கணும். ஆக்சில் அடியில ஸ்டாண்டு வச்சு பாரத்தை அதுல இறக்கின பிறகுதான் சக்கரத்துல கை வைக்கணும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சில வண்டியில இடது பக்க நட்டு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில சுத்தினாதான் இளகும். போல்ட் நுனியில அடையாளம் இருக்கும், அதைப் பார்க்காம பைப்பை மாட்டி இழுத்தா போல்ட் முறியும்.

சக்கரத்தை ஹப்புல இருந்து இழுக்கிறதுக்கு முன்னாடி ஜோடி ரெண்டுலயும் வால்வு ஊசியைக் கழட்டி காத்து முழுக்கப் போக விடுங்க. சத்தம் நின்னா காத்து போயிருச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, வால்வு அடைச்சிருக்கலாம். மெல்லிய கம்பியை வால்வுக்குள்ள விட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பீடை அமுக்கி விடுவிச்சு, ரிங்குல இருக்கிற வெட்டுல லீவர் வச்சு நெம்பி எடுக்கணும். காத்து இருக்கும்போது ரிங்கைச் சுத்தியால தட்டவே கூடாது, உட்காரலைன்னு ஒரு தட்டு தட்டுறதும் கூடாது.

ரிம்மைக் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்துட்டு ரிங் உட்காரும் பள்ளம், போல்ட் ஓட்டை ஓரம், கை விடுற ஓட்டை ஓரம் மூணுலயும் விரிசல் பாருங்க. ரிங் வளைஞ்சிருந்தா, துரு தின்னு மெலிஞ்சிருந்தா குப்பை. வேற கம்பெனி ரிம்மோட ரிங்கை மாத்திப் போடாதீங்க, உட்கார்ந்த மாதிரி தெரியும், அழுத்தம் ஏறும்போது தெறிக்கும். விரிசலை வெல்டிங் வைக்கிறதும் கூடாது.

புது டயருக்குப் புது டியூப், புது ஃபிளாப் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில வர்ற ரப்பர் பட்டை). பழைய டியூப் நீண்டு போயிருக்கும், உள்ள மடிப்பு விழுந்து அந்த மடிப்புலயே கிழியும். டியூப் ரேடியலுக்குன்னு போட்டது, அளவு எழுத்து டயரோட ஒத்துப் போகணும். டயருக்குள்ள மணல், ஸ்டிக்கர் எதுவும் இல்லாம துடைச்சு, டால்க் பவுடர் தூவி, டியூபை வடிவம் வர்ற அளவுக்கு மட்டும் ஊதி வைங்க. பீடுக்கு டயர் சோப்பு இல்லன்னா தாவர எண்ணெய் சோப்புக் கரைசல். கிரீஸ், டீசல் தடவினா ரப்பர் ஊறிக் கெட்டுப் போகும். வால்வு ரிம் வெட்டுக்கு நேர் நடுவில நிக்கணும்.

ரிங் போட்டதும் லேசா காத்து விட்டு, சுத்தி முழுக்க ரிங் ஒரே சீரா உட்கார்ந்திருக்கான்னு கண்ணால பாருங்க. ஒரு இடம் தூக்கியிருந்தா காத்தை முழுக்க இறக்கிட்டுத் திரும்ப மாட்டணும். சரியா இருந்தா கூண்டுக்குள்ள வச்சு, கவ்வுற வால்வு கிளிப்பும் நீள ஹோஸும் மாட்டி, தூரத்துல பட்டன் பக்கமா நின்னு அடைக்கணும். ரிங் பக்கத்துக்கு எதிர்ல யாரும் நிக்கக் கூடாது. முழு அழுத்தம் வந்ததும் ஊசியைக் கழட்டி முழுசா இறக்கி, மறுபடி அடைங்க. இந்த ரெண்டாவது தடவைதான் டியூப், ஃபிளாப் மடிப்பை நேராக்கும். நிறைய இடத்துல இதை விட்டுர்றாங்க, மாத்தின ஒரே மாசத்துல டியூப் போச்சுன்னு திரும்பி வர்றதுல நிறைய இதனாலதான்.

---

பழைய_ரிம்:

காத்து விஷயத்துல ஒண்ணு. எந்த டயராவது குறிச்ச அழுத்தத்துல 80 சதவீதத்துக்குக் கீழ ஓடியிருந்தா, உதாரணமா 120 பி.எஸ்.ஐ. போட வேண்டியது 96க்குக் கீழ இறங்கி ஓடியிருந்தா, அப்படியே காத்து ஏத்திட்டுப் போகக் கூடாது. சைடுல இருக்கிற ஸ்டீல் கம்பிகள் வளைஞ்சு வளைஞ்சு களைச்சிருக்கும். திரும்பக் காத்து ஏத்தும்போது ஒவ்வொண்ணா அறுந்து சைடு ஜிப் மாதிரி திறந்துக்கும். காத்து ஏறும்போது சைடுல சடசடன்னு சத்தம் கேட்டாலோ அலை மாதிரி புடைச்சாலோ கிட்ட போகாம தூரத்துல இருந்தே காத்தை இறக்கி அந்த டயரை ஒதுக்கிருங்க.

நட்டு முறுக்கு அளவு: ஹப் மேல நேரா உட்காரும் சக்கர வட்டு, 22 மி.மீ. போல்ட், வாஷரோட சேர்ந்த தட்டை நட்டுன்னா 610 முதல் 680 நியூட்டன் மீட்டர். மரையில ரெண்டு துளி எண்ணெய், நட்டுக்கும் அதோட வாஷருக்கும் நடுவில ஒரு துளி. கூம்பு, குண்டு முகம் உள்ள பழைய நட்டுன்னா மரை காய்ஞ்சே இருக்கணும், அளவு வண்டிக் கையேட்டுல எவ்வளவோ அவ்வளவு. டார்க் ரெஞ்ச் கையில இல்லாத நேரத்துல ஒரு மீட்டர் பைப் நுனியில 65 கிலோ ஆள் முழுப் பாரத்தையும் கொடுத்தா ஏறக்குறைய 640 வரும். ஏர் கன்னால கடைசி வரைக்கும் முறுக்கினா போல்ட் நீண்டு போகும், கன் 70 நியூட்டன் மீட்டர் அளவுக்கு உட்கார வைக்க மட்டும். எதிரெதிர் வரிசையில முறுக்குங்க. வட்டும் ஹப்பும் தொடுற முகத்துல தடிமனான பெயின்ட், துரு இருந்தா சுரண்டிருங்க, பெயின்ட் நசுங்கினதும் நட்டு தளரும். ஒரு போல்ட் முறிஞ்சிருந்தா அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறதையும் சேர்த்து மாத்தணும், ரெண்டு முறிஞ்சிருந்தா அந்த ஹப்புல எல்லாமே.

ஜோடியை மாட்டும்போது ரெண்டு வால்வும் எதிரெதிரா வர்ற மாதிரி, உள் வால்வு கை ஓட்டை வழியா எட்டுற மாதிரி வைங்க. உள் டயர் காத்தை யாரும் பார்க்காததுக்குக் காரணமே எட்டாததுதான். டியூப் டயர்ல டியூபுக்கும் கூட்டுக்கும் நடுவில சிக்கின காத்து மெல்ல வெளியேறும், அதனால மறுநாள் காலையில குளிர்ந்த டயர்ல அளந்து குறைஞ்சதை ஏத்துங்க. சூடான டயர்ல கூடுதலா காட்டுதுன்னு இறக்காதீங்க. 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடினதும் எல்லா நட்டையும் திரும்ப முறுக்கிப் பாருங்க. நட்டுல இருந்து துருக்கோடு கதிர் மாதிரி வட்டுல ஓடியிருந்தா அந்த நட்டு தளர்ந்து ஆடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

---

ஆறுசக்கரம்:

கூண்டு இல்ல, அதனால ரிம்மை மட்டும் கழட்டிப் பட்டறைக்குக் கொண்டு போறோம். முதல்ல டோ, கிங் பின் பார்த்துட்டுத்தான் புது டயரை முன்னாடி ஏத்தப் போறேன். ரீட்ரெட் வேண்டாம், பின்னாடி நாலும் புது லக், அதனால ஆறு. வாங்கும்போது ஒவ்வொண்ணுலயும் தேதி படிச்சு எழுதி வாங்குறேன். 160 கிலோமீட்டர்ல நட்டு முறுக்கினதும் இங்க வந்து எழுதுறேன்.